நாங்கள் வலமாகச் சுற்றிய வால்ஸ்

என் பாசத்துக்குரிய சறோ மச்சாளுக்கு,

செத்தவர்கள் எங்கேயோ இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. அது உங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னேரம் ஐந்து மணியானால் யாரோடாவது கதைக்க வேண்டும்போல் இருக்கிறது. உங்கள் தம்பியோடு கதைக்கலாம் என்று பார்த்தால், அவர் ஒரு மாதம் பேசுவது ஒரு தபாலட்டையில் அடங்கிவிடும். வேறு போக்கிடம் இல்லாமல்தான் உங்களிடம் வருகிறேன்.

நீங்கள் போய் ஒரு வருஷம், உங்கள் ஆட்டைத் திவசம் போன மாதம் முடிந்தது. ஐயர் நேரத்துக்கு வந்தார். உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். மதிலில் வைத்த படையலுக்கு ஒரு காகம் வந்து, பருப்பைத் தின்றுவிட்டுக் கத்தரிக்காயைத் தொடாமலே பறந்து போனது. அது நீங்கள் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை எட்டிப் பார்க்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். நீங்கள் என் புருஷனின் அக்கா. கல்யாணம் கட்டவில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், இந்த வீட்டில் எங்களோடுதான் கடைசிவரை இருந்தீர்கள். புருஷனின் அக்காவோடு ஒரே குசினியில் சமைத்து எவளும் உருப்பட்டதில்லை என்று என் அம்மா சொல்லித்தான் என்னை அனுப்பினா. அம்மா சொன்னது முழுப் பிழையும் இல்லை. ஆளையாள் அவ்வளவாகப் பிடிக்காமல்தான் எத்தனையோ வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம். ஆடத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் சிநேகிதமானோம்.

போன கிழமை மறுபடியும் ஒரு பயணிகள் கப்பல் வந்து நின்றது. மீன் வாங்கப் போன நான் வீதியில் நின்று பார்த்தேன். வெள்ளைக்காரக் கிழவன் கிழவிகள் தொப்பியோடு இறங்கி, எங்கள் ஊர் மான்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மான்கள் குப்பைக்குள் வாழைப்பழத் தோல் தேடிக்கொண்டிருந்தன. இவர்களில் யார் யார் இன்றைக்குப் பின்னேரம் கப்பலுக்குள் ஆடப்போகிறார்கள் என்று ஒவ்வொருவர் காலாகப் பார்த்தேன். மீன்காரர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன்.

எல்லாவற்றையும் தொடக்கிவைத்தது அப்படி ஒரு கப்பல்தானே. கப்பல் முகவர் கந்தோரில் நீங்கள் கிளாக்கர். ஏதோ கடதாசியில் கப்டனின் கையொப்பம் வேண்டும் என்று உங்களைப் படகில் ஏற்றி அனுப்பினார்கள். கப்டன் வரும்வரை இருக்கச் சொன்ன மண்டபத்தில், பட்டப்பகலில், ஒருவர் பியானோ வாசிக்க, வயதானவர்கள் சோடி சோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த நீங்கள் தோளில் இருந்த கைப்பையைக்கூட இறக்காமல் குசினி வாசலில் நின்றீர்கள்.

"அங்க ஒருத்தரும் வடிவா ஆடேல்லை, வசந்தி. ஒரு மனிசனுக்கு முழங்கால் மடங்கேல்லை. ஒரு மனிசி சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு வெறுங்காலோட ஆடுறா. ஆனா ஆரும் பாக்கினமோ எண்டு ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. தங்கட சந்தோசத்துக்கு ஆடுகினம்."

எனக்கு விளங்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஆட்டம் மேடையில்தான் இருந்தது. ஆடுகிற பிள்ளைக்குச் சலங்கை, ஆட்டுவிக்கிற தாய்க்குப் பொறாமை, நடுவில் பிரதம விருந்தினரின் முடியாத பேச்சு. அதையும் பெட்டைகள் கல்யாணம் கட்டியதும் மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். பென்சன் எடுக்கிற வயதில், பரிசும் இல்லாமல், பார்க்க ஆளும் இல்லாமல், பிழையாக ஆடினாலும் பரவாயில்லை என்று ஒருவர் ஆடலாம் என்பது நான் கேள்விப்படாத கதை.

நாங்களும் ஆடிப் பார்ப்போம் என்றீர்கள். நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். விசர் பிடித்துவிட்டதா என்று கேட்டேன். பிடித்தால் என்ன, இனிப் பெண் பார்க்க யாரும் வரப்போவதில்லையே என்றீர்கள். உங்கள் வாயில் இருந்து அப்படி ஒரு பகிடி வந்து நான் கேட்டதே இல்லை.

கைபேசியைத் தொலைக்காட்சி மேசையில் பால்மா டின்னுக்குச் சாய்த்து வைத்தோம். திரையில் ஒரு மெல்லிய மனிதன் வால்ஸ் என்கிற சோடி ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தான். யார் ஆம்பிளை என்று ஒரு சின்ன இழுபறி வந்தது. "நான் உயரம். நீர் பொம்பிளையா நில்லும்," என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். தரை வழுக்கினால்தான் சுற்றலாம் என்று உங்கள் தம்பியின் பழைய மேஸ் காலுறைகளை இருவரும் காலில் மாட்டிக்கொண்டோம். கதிரைக் காலில் என் சின்னவிரல் மோதி வீங்கிப்போனது. பக்கத்து வீட்டு லீலா அக்கா மதிலுக்கு மேலால் பார்த்து, இரண்டு பேரும் எதற்கு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று கேட்டா.

அந்த நேரம் உங்கள் தம்பி வானொலியில் செய்தி கேட்கிற நேரம். அவருக்கு இடைஞ்சல் என்று கைபேசியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டோம். அதில்தான் எல்லாமே தலைகீழாகப் போனது. திரையில் இருந்தவன் எங்களைப் பார்த்து நின்று இடது கையைத் தூக்கினால், அது எங்கள் வலது பக்கம் தெரியும். நீங்கள் வலது கையைத் தூக்கினீர்கள். அவன் இடது காலை எடுத்து வைத்தால் நீங்கள் வலது காலை வைத்தீர்கள். இடது, வலது என்று அவன் வாயால் கட்டாயம் சொல்லியிருப்பான். எங்களுக்குக் கேட்டதெல்லாம் செய்தியும், உங்கள் அடித்தொண்டை "ஒண்டு, ரெண்டு, மூண்டு"வும்தான்.

ஒருநாள் அது வந்தது. மழைக்காலம் என்பது மட்டும் நினைவிருக்கிறது, யன்னல்கள் பூட்டியிருந்தன. நான் வழக்கம்போல் என் காலைப் பார்த்துக்கொண்டு, அடுத்தது எது என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என் தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினீர்கள்.

"யோசிக்காதையும். நான் கொண்டுபோறன்."

யோசிக்காமல் விட்டேன். தோணியை மணலில் தள்ளத் தள்ள அசையாது. பிறகு ஒரு தள்ளில் தண்ணீர் அதை வாங்கிக்கொள்ளும் அல்லவா? அப்படி இருந்தது. அரசாங்கக் கச்சேரியில் வேலை, வீட்டில் பிள்ளை, கட்டிலில் மாமி என்று அத்தனை வருஷமும் நானே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு திரிந்தவள். அந்தக் கொஞ்ச நேரம் நான் எங்கே போக வேண்டும் என்பதை வேறொருவர் பார்த்துக்கொண்டார். நான் பின்பக்கமாகப் போனேன். பின்பக்கமாகப் போகிறவளுக்கு வழி தெரியத் தேவையில்லை. வேர்க்க விறுவிறுக்க நாங்கள் நின்றபோது நீங்கள் சிரித்தீர்கள், நான் ஏனோ அழுதேன்.

அதற்குப் பிறகு பின்னேரம் எங்களுக்கு அதுதான். புரட்டாதி வெயிலிலும் ஆடினோம், மின்சாரம் போன நாட்களிலும் ஆடினோம். எங்கள் விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவில் இருக்கிற கூடத்தில் அந்தப் பெரிய அலுமாரி வேறு ஒரு மூலையை அடைத்துக்கொண்டு நிற்கும். நேராகச் சுற்றிப் போனால் முதுகு அலுமாரியில் இடிக்கும். நீங்கள் அந்த மூலைக்கென்றே ஒரு திருப்பம் கண்டுபிடித்தீர்கள். என்ன செய்வீர்களோ தெரியாது, அலுமாரிக்குக் கிட்டப் போனதும் என் முதுகில் உங்கள் கை ஏதோ சொல்லும், அடுத்த நிமிஷம் நான் யன்னல் பக்கம் நிற்பேன். ஒருநாளும் இடித்ததில்லை.

உங்கள் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் ஆடுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. என் சின்னவிரல் வீங்கியதற்கு அடுத்த நாள், ஐந்து மணிக்கு எழும்பி, கூடத்துக் கதிரைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சுவரோரம் வைத்தார். பிறகு தன் கதிரையையும் வானொலியையும் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி இருந்தார். அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் அதைச் செய்தார். நாங்கள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

பிறகு அந்தத் தேவாலய மண்டபம். ஞாயிறு பின்னேரங்களில் அங்கே சிலர் கூடி ஆடுகிறார்கள் என்று உங்கள் கந்தோரில் யாரோ சொன்னார்கள். இளைப்பாறிய உத்தியோகத்தர்கள், பறங்கிக் குடும்பங்கள், ஒரு பல் வைத்தியரும் மனைவியும். சொல்லிக்கொடுப்பவ டொரின் மிஸ். நாங்கள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, புதுச் சப்பாத்தோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனோம். வெளியே பகிடியாகப் பேசினாலும் உள்ளுக்குள் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். அவ்வளவு பழகியிருந்தோம்.

பாட்டுத் தொடங்கியது. மண்டபத்தில் இருந்த அத்தனை சோடியும் ஒரு பக்கமாகச் சுற்றிப் போனார்கள். நாங்கள் மறுபக்கமாகச் சுற்றி வந்தோம். முதல் வளைவிலேயே பல் வைத்தியரின் மனைவியின் கொண்டை என் காப்பில் சிக்கியது. அவவை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, திரும்பவும் தொடங்கினோம். திரும்பவும் எல்லாரும் எங்களுக்கு எதிரே வந்தார்கள். ஊர் ஓடினால் ஒத்தோடு என்பார்கள். நாங்கள் என்ன ஏது என்று தெரியாமலே ஊருக்கு எதிரே ஓடிக்கொண்டிருந்தோம்.

டொரின் மிஸ் பாட்டை நிறுத்தினா. எங்கள் கைகளைப் பார்த்தா, கால்களைப் பார்த்தா, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. காலடியில் பிழை இல்லையாம், பக்கம் மட்டும்தான் மாறிப்போச்சாம். கண்ணாடிக்குள் இருந்து இறங்கி வந்த சோடி மாதிரி இருக்கிறதாம். கொஞ்ச மாதம் வந்தால் தானே திருத்திவிடுவேன் என்றும் சொன்னா. எனக்கு முகமெல்லாம் சுட்டது. நீங்கள் மட்டும் அசையவில்லை.

"நாங்கள் கோயில் சுத்துற பக்கமாத்தான் சுத்துறம் மிஸ். வலமா. நீங்கள்தான் எல்லாரும் மறுவளமாச் சுத்துறீங்கள்."

மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து எங்களுக்கு நடுவிடத்தைத் தந்தார்கள். நடுவில் நின்று ஆடினால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லையே. அவர்கள் எங்களைச் சுற்றி இடமாகப் போவார்கள், நாங்கள் நடுவில் வலமாகச் சுற்றுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு டொரின் மிஸ் எங்களைக் கைகாட்டி, இவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள் என்று சொல்லுவா. அது எங்களுக்குப் பட்டம் தந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியில் நான் கேட்டேன், திருத்திக்கொண்டால் நல்லதில்லையா, வேறு ஆட்களோடும் ஆடலாமே என்று. முச்சக்கர வண்டிக்குள் சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

"ஏன் வேற ஆக்கள்? நாங்கள் ரெண்டு பேரும்தானே ஆடுறம்."

சரிதான் என்று நானும் சிரித்தேன். மச்சாள், அப்படிச் சொல்லும்போது இரண்டு பேரில் ஒராள் முந்திப் போவார் என்பது உங்களுக்கு ஒரு நிமிஷமாவது தோன்றவில்லையா? எனக்கும்தான் தோன்றவில்லை.

சிறுநீரகம் என்றார்கள். முகம் வீங்கி, கால் வீங்கி, சப்பாத்து ஏறாமல் போனது. ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்து உங்களைக் கழிப்பறைக்குக் கொண்டுபோக இரண்டு தாதிமார் வேண்டியிருந்தது. அவர்கள் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்தால் உங்கள் கால் எழும்பாது. ஒருநாள் நான் முன்னால் வந்து நின்று உங்கள் வலது கையை என் இடது கையில் வாங்கினேன். உங்கள் மற்றக் கை தானாக என் முதுகுக்குப் போனது. நான் பின்பக்கமாக அடி வைத்தேன், நீங்கள் முன்னுக்கு வந்தீர்கள். கட்டில்களுக்கு நடுவால், மூத்திரச் சட்டிகளைத் தாண்டி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் கதவுவரை போனோம். தாதிப்பிள்ளை இது என்ன வித்தை அன்ரி என்று கேட்டது. நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, வால்ஸ் என்றீர்கள். எங்கள் கடைசி ஆட்டம் கழிப்பறைக்குத்தான், அதற்கு நான் வெட்கப்படவில்லை.

செத்த வீட்டில் உங்களைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். நேர்மையான உத்தியோகத்தர் என்றார்கள், தம்பிக்காக வாழ்ந்த அக்கா என்றார்கள். நீங்கள் ஆடினீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பார்கள். டொரின் மிஸ் மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று உங்கள் சேலைக்கரையை நேராக்கிவிட்டா.

சுடலைக்கு நாங்கள் பெண்கள் போகவில்லை. உங்கள் தம்பிதான் கொள்ளிக்குடம் தோளில் வைத்துச் சுற்றினார். குளித்துவிட்டு வந்து ஈரத் துவாயோடு கதிரையில் இருந்தவர், நான் தேத்தண்ணி கொடுத்தபோது நிமிர்ந்து பார்த்தார்.

"அக்காவை மறுவளமாச் சுத்தவேண்டி வந்திட்டுது. அதுதான் முறையாம். அவ இருந்திருந்தா என்னைப் பேசியிருப்பா."

அந்த மனிதர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு உங்கள் பெயரை அவர் எடுக்கவில்லை. ஆனால் எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த மறுநாள், ஐந்து மணிக்கு எழும்பினார். கதிரைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சுவரோரம் வைத்தார். தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனார். நான் குசினி வாசலில் நின்று அந்த வெறும் தரையைப் பார்த்தேன். பழக்கதோஷம், இரண்டு நாளில் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். இன்றுவரை விடவில்லை.

டொரின் மிஸ் இடையிடையே தொலைபேசி எடுப்பா. வாருங்கோ, வந்து சும்மா இருந்தாலும் பரவாயில்லை என்பா. பல மாதம் போகவில்லை. பிறகு ஒரு ஞாயிறு போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், எனக்கு ஆட வேண்டும்போல் இருந்தது மச்சாள். அழுகை ஒரு பக்கம் இருக்க, காலுக்கு அது வேண்டியிருந்தது. உங்களை எரித்த பிறகும் எனக்குப் பசித்தது, நித்திரை வந்தது, அதுபோல இதுவும்.

அங்கே என்னோடு ஆட ஒருவராலும் ஏலாது. பிடிக்க வருகிறவர் இடது கையை நீட்டுவார், நானும் இடது கையை நீட்டுவேன், இரண்டு கையும் காற்றில் நிற்கும். அவர் முன்னே வைக்கிற காலில் என் கால் ஏறும். நல்ல மனிதர்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பல் வைத்தியரின் மனைவி தன் கொண்டையைத் தொட்டுக் காட்டிப் பகிடி விட்டா. நடுவிடம் வெறுமையாகத்தான் கிடந்தது. அங்கே தனியாகப் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

டொரின் மிஸ் தானே என்னைப் பிடித்தா. சரியான பக்கத்தால். ஒவ்வொரு ஞாயிறும், பிள்ளைக்கு நடை பழக்குவதுபோல, கொண்டுபோனா. "பழசு தானா மறந்து போகும், கவலைப்படாதீங்க," என்று அவ சொன்னது ஆறுதலுக்குத்தான். அந்த ஆறுதல் எனக்கு எங்கே குத்தியது என்று அவவுக்கு எப்படித் தெரியும்?

ஒரு ஞாயிறு அது வந்துவிட்டது. என் கால் தடுக்கவில்லை. டொரின் மிஸ்ஸின் கைக்குள் நான் ஊரோடு சேர்ந்து, இடமாக, மண்டபத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை உங்களுக்கு மறைக்க மாட்டேன், மெய்யாகவே சந்தோசமாக இருந்தது. நீங்கள் போன பிறகு முதல்முறையாகச் சிரித்தபடி வீட்டுக்கு வந்தேன்.

கூடத்தில் கதிரைகள் ஓரமாக இருந்தன. சப்பாத்தோடேயே நடுவில் போய் நின்று, உங்களுக்குக் காட்டுகிற மாதிரி, எங்கள் பக்கமாக ஒரு சுற்றுப் போகப் பார்த்தேன். இடது கையைத் தூக்கினேன். வலது கையை உங்கள் தோள் இருக்கிற உயரத்தில் வைத்தேன். காலை எடுத்தேன். அது மறுபக்கம் போனது. திரும்பவும் நின்று தொடங்கினேன். திரும்பவும் மறுபக்கம்தான் போனது. பிறகு நான் தரையில் இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு தொடக்கம் மண்டபத்துக்குப் போகவில்லை. எங்கள் ஆட்டத்தையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று வீட்டிலேயே தனியாகப் பழகினேன். கால் மெல்ல மெல்லப் பழைய பக்கத்துக்குத் திரும்பியது. குசினிப் பக்கம் வந்தது, யன்னல் பக்கம் வந்தது. அலுமாரி மூலைக்குப் போனதும் நின்றுவிட்டது.

அங்கே என்ன செய்வீர்கள் மச்சாள்? எந்தக் காலை முதலில் வைப்பீர்கள்? என்னை முதலில் சுற்றிவிட்டுப் பிறகு நீங்கள் வருவீர்களா, இரண்டு பேரும் சேர்ந்தா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவை இருக்கவில்லை, நீங்கள்தானே கொண்டுபோனீர்கள். அந்த மெல்லிய மனிதன் இன்னும் கைபேசியில் இருக்கிறான். அவனைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அவன் வீட்டில் அலுமாரி இல்லை. நாங்கள் ஆடியதைப் படம் பிடித்துவைக்க மகள் கேட்டபோது, பார்க்கவா ஆடுகிறோம் என்று மறித்தது நீங்கள். நான் கையைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸை மறிக்கிறவள் மாதிரி, அலுமாரிக்கு முன்னால் நிற்கிறேன்.

கடைசியில் விறாந்தைக்குப் போய் உங்கள் தம்பியிடம் கேட்டேன். இத்தனை வருஷம் இங்கே இருந்தீர்களே, அந்த மூலையில் அக்கா எப்படித் திரும்புவா என்று ஒருதரமாவது பார்த்திருப்பீர்களே என்றேன். அவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நான் பாக்கேல்லை. ஒருநாளும் பாக்கேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் ஆரும் பாக்கிறதுக்கு ஆடேல்லைத்தானே," என்றார். திரும்பச் சத்தத்தைக் கூட்டப் போனவர் கையை எடுத்து, "மேஸ் தேயுற சத்தம் கேக்கும். அந்த மூலையில மட்டும் சத்தம் நிண்டு பிறகு வரும்," என்றார்.

அவ்வளவுதான் மிச்சம். ஒரு சத்தம் நின்று பிறகு வந்தது என்பது மட்டும். அதை வைத்து நான் என்ன செய்ய? மண்டபத்துக்குப் போனால் உங்களை மறப்பேன் என்று வீட்டில் நின்றேன். வீட்டில் நின்றால் நினைவிருக்கும் என்று யார் சொன்னது? என்னிடம் இருப்பது பாதி ஆட்டம். மற்றப் பாதி சுடலையில் எரிந்துவிட்டது. இந்த உலகத்தில் வலமாக வால்ஸ் ஆடுகிற ஆட்கள் இரண்டு பேர் இருந்தோம், இனி ஒருவரும் இல்லை.

காலம் ஆற்றும் என்று லீலா அக்கா சொல்கிறா. காலம் எனக்கு முழங்காலைத்தான் தேய்க்கிறது. டொரின் மிஸ் இன்னும் கூப்பிடுகிறா. ஒருவேளை திரும்பவும் போவேன், ஒருவேளை போகமாட்டேன். போனாலும் அது வேறு ஆட்டம், வேறு ஆள்.

நேற்று ஐந்து மணிக்கு அவர் எழும்பிக் கதிரைகளில் கை வைத்தபோது எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. விடுங்கோ, இனி இஞ்சை ஆரும் ஆடப்போறேல்லை, ஏன் உங்களுக்கு இந்த வேலை என்று சத்தம் போட்டேன். அவர் நிற்கவில்லை. கடைசிக் கதிரையையும் இழுத்துச் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டு, குனிந்தபடியே சொன்னார்.

"தெரியும். இடம் இருக்கட்டும்."

தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டுகிற அதே பக்கமாகத் திருப்பி வைத்து இருந்தார். வானொலியைப் போட்டார். முதல் வேலையாகச் சத்தத்தைக் குறைத்தார், நாங்கள் இரண்டு பேரும் உள்ளே ஆடுகிற நாட்களில் குறைப்பதுபோல.

ஆடுவேன் என்று உங்களுக்கு நான் வாக்குத் தரமாட்டேன் மச்சாள். மறக்கமாட்டேன் என்றும் தரமாட்டேன். என் கால் ஏற்கெனவே ஒருதரம் மறந்துவிட்டது. ஒன்று மட்டும் செய்கிறேன். அவர் கதிரைகளை இழுக்கும்போது இனி மறிக்கமாட்டேன். அவர் விறாந்தைக்குப் போன பிறகு தும்புத்தடியை எடுத்து அந்த இடத்தைக் கூட்டுவேன், மேஸ் வழுக்குகிற மாதிரி துடைத்து வைப்பேன், அலுமாரி மூலையையும் சேர்த்து. அவர் ஐந்து மணிக்கு எழும்புகிற காலம்வரை, நான் குனியக்கூடிய காலம்வரை, ஒவ்வொரு நாளும் செய்வேன். அதற்கு மேல் என்னால் ஏலாது.

இப்படிக்கு,
உங்கள் கைக்குள் பின்பக்கமாக நடந்த,
உங்கள் தம்பி பெண்சாதி,
வசந்தி மச்சாள்